ஆல்டேர் வழியில் ஒரு சுவிட்ச் கம்ப்யூட்டர்: 8085ஐ வைத்து மலைக்குளிரில் கட்டும் முறை

கீபோர்டு இல்லை, திரையும் இல்லை. சுவிட்சை மேலே தள்ளினால் 1, கீழே தள்ளினால் 0. விடை சிவப்பு எல்இடி வரிசையில் வரும். 1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டர் இப்படித்தான் இருந்தது: 25 சுவிட்ச், 36 எல்இடி, 256 பைட் நினைவகம். அதன் சாரத்தை மட்டும் எடுத்து, நம் பாலிடெக்னிக் ஆய்வகங்களில் தூசி படிந்து கிடக்கும் 8085 என்ற நுண்செயலிச் சிப்பை வைத்துக் கட்டுவதே இந்தச் செய்முறை. ஆல்டேரில் இருந்தது அதற்கு முந்தைய 8080 சிப். அதற்கு எழுதிய இயந்திர மொழி 8085இல் ஓர் எண்கூட மாறாமல் ஓடும்.

ஆல்டேரைச் செய்த மிட்ஸ் நிறுவனத்தின் கதை தெரிந்தால் எதைக் காப்பியடிக்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பது புரியும். 1969இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில், மாதிரி ராக்கெட்டுகளுக்கான சிறு மின்னணுக் கருவிகள் விற்கத் தொடங்கிய கம்பெனி அது. எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் தொடங்கினார்கள். பிறகு கால்குலேட்டர் கிட்டில் இறங்கி நன்றாகச் சம்பாதித்தார்கள். சிப் செய்யும் பெரிய கம்பெனிகளே கால்குலேட்டர் விற்க வந்ததும் விலை சரிந்து கடனில் மூழ்கினார்கள். கடைசி முயற்சியாக வந்ததுதான் ஆல்டேர். பட்டியல் விலை 360 டாலராக இருந்த 8080ஐ மொத்தமாக வாங்குவதாகப் பேசி 75 டாலருக்கு எடுத்தார் ராபர்ட்ஸ். முழு கிட்டை 400 டாலருக்குள் தர முடிந்தது அதனால்தான். ஆர்டர் குவிந்தது. குவிந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதில்தான் மிட்ஸின் குறைகள் எல்லாம் தொடங்கின.

மலை இறங்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டிய பட்டியல்

நீலகிரியிலிருந்து கோவைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ ஒரே தடவை போய்வர வேண்டும். 22 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று விட்டுப்போனால் அதற்காக இன்னொரு முறை மலை இறங்க வேண்டியிருக்கும்.

8085ஏ ஒன்று. 6116 ஸ்டாடிக் ராம் (நினைவகச் சிப்) ஒன்று. 74எல்எஸ்373 (முகவரியைப் பிடித்து வைக்கும் லாட்ச்) ஒன்று, 74எல்எஸ்244 (சிக்னலைக் கடத்தும் பஃபர்) நான்கு, 74எல்எஸ்03 (நான்கு நாண்ட் கேட்) ஒன்று. 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று. ஐசி பேஸ்: 40 கால் ஒன்று, 24 கால் அகலமானது ஒன்று, 20 கால் ஐந்து, 14 கால் ஒன்று. டாகிள் சுவிட்ச் 18, புஷ் பட்டன் 2, சிவப்பு எல்இடி 16.

ரெசிஸ்டர்கள்: 220 ஓம் 16, 4.7 கே 17, 10 கே 5, 2.2 கே 3, 1 கே 2, 100 ஓம் ஒன்று. கெபாசிட்டர்கள்: 0.1 மைக்ரோஃபாரட் (மேலே 104 என்று போட்டிருக்கும்) 8, 100 மைக்ரோஃபாரட் ஒன்று, 10 மைக்ரோஃபாரட் ஒன்று, 22 பிகோஃபாரட் ஒன்று. 1என்4148 டயோடு ஒன்று. எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

கடைக்காரர் "03 இல்ல, 00 இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். ஒன்றல்ல, காரணம் பிறகு. 373க்குப் பதில் 374 தந்தாலும் வாங்காதீர்கள். முகவரி வருகிறது என்று 8085 சொல்லும் ஏஎல்இ சிக்னல் ஏறும் நொடியிலேயே 374 முகவரியைப் பிடித்துவிடும். அந்த நொடியில் முகவரி இன்னும் நிலைத்திருக்காது. நீல, வெள்ளை எல்இடியும் வேண்டாம். 244 ஐசி வெளியே தருவது மூன்று, மூன்றரை வோல்ட்தான், அதில் அவை மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது.

6116 கிடைக்காமல் பழைய டிரெய்னர் கிட்டிலிருந்து 6264 எடுத்தால் 28 கால் பேஸ் வாங்குங்கள். அதில் 20ஆம் கால் சிப் செலக்ட், 22 ரீட், 27 ரைட். 26ஆம் காலை 5 வோல்ட்டில் கட்ட வேண்டும்.

போர்டு கிளாஸ் எபாக்ஸியாக இருக்கட்டும். பழுப்பு நிற ஹைலம் போர்டு மலிவுதான், ஆனால் ஈரம் குடிக்கும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அப்போது ஹைலம் போர்டின் செம்புப் பொட்டுகள் சூடு பட்டதும் உரிந்து வரும்.

மின்சாரம்

ஆல்டேரின் 8080க்கு +5, –5, +12 என்று மூன்று மின்னழுத்தம் தேவை. –5 வராமல் மற்ற இரண்டும் வந்தால் சிப்பே போய்விடும். அதனால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, 8 வோல்ட்டையும் ±16 வோல்ட்டையும் சீர்செய்யாமலே போர்டுகளை இணைக்கும் பொதுக் கம்பி வரிசையான 100 கால் பஸ்ஸில் விட்டு, ஒவ்வொரு போர்டிலும் தனி ரெகுலேட்டர் வைத்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் பஸ்ஸில் 1ஆம் காலில் 8 வோல்ட், பக்கத்திலேயே 2ஆம் காலில் 16 வோல்ட். போர்டு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே ஆபத்து. நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. 8085 என்ற பெயரின் கடைசி 5, ஐந்து வோல்ட் ஒன்றே போதும் என்பதைச் சொல்கிறது.

மொத்தம் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். 5 வோல்ட் 2 ஆம்பியர் நல்ல மொபைல் சார்ஜர் போதும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது வாடிக்கை என்பதால் பவர் பேங்க் இன்னும் நல்லது. சின்ன லோடைக் கண்டால் தானாக அணைந்துவிடும் பவர் பேங்குகூட அரை ஆம்பியருக்கு அணையாது. சித்திரை வைகாசி இடிமழையில் சுவரிலிருந்து கழற்றியே வையுங்கள்.

பற்றவைக்கும் முன்

பத்து டிகிரி அறையில் 25 வாட் அயர்ன் திணறும். கிரவுண்ட் பட்டைபோல அகலமான செம்பில் வைத்ததும் நுனி ஆறிவிடும், ஈயம் உருண்டையாக நிற்குமே தவிர ஓடாது. வெப்பம் கட்டுப்படுத்தும் 50 வாட் அயர்னில் 350 டிகிரி வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறக்கலாம், ஆனால் காற்று போர்டின்மீது நேராக அடிக்கக் கூடாது.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் சிக்கல் நேர்மாறானது. காற்று உலர்ந்திருக்கும், அறையில் ஹீட்டர் ஓடினால் இன்னும் உலரும். கம்பளி ஸ்வெட்டரில் தேங்கும் நிலைமின்சாரம் ராமைக் கொன்றுவிடும். ஐசியைத் தொடும் முன் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, தரையோடு இணைந்த தண்ணீர்க் குழாயையோ இரும்பையோ தொட்டுவிட்டு வாருங்கள். இரவெல்லாம் குளிரில் கிடந்த போர்டைச் சமையலறைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் பூக்கும். அரை மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

பழைய ஐசியின் கால் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேயுங்கள். ஸ்டிக்கர் பசையை எடுக்க நீலகிரித் தைலம் அருமையானது. பற்றவைத்தபின் மிஞ்சும் ஃபிளக்ஸைத் துடைக்க அது உதவாது, எண்ணெய்ப் பசை தங்கிவிடும். அதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான்.

இணைப்புகள்

முதலில் ஐசி பேஸ்களை மட்டும் பற்றவைத்து, 5 வோல்ட்டும் கிரவுண்டும் இழுங்கள். 8085க்கு 40 மற்றும் 20. 6116க்கு 24, 12. 20 கால் ஐசிகளுக்கு 20, 10. 03க்கு 14, 7. ஒவ்வொரு ஐசி பக்கத்திலும் ஒரு 104. மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட்.

8085: 1, 2 கால்களுக்கிடையில் கிரிஸ்டல், 2ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட். 4 மெகாஹெர்ட்ஸை உள்ளே இரண்டால் வகுத்து 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஆல்டேரின் வேகமும் அதுவே. 35ஆம் காலை 5 வோல்ட்டிலும், 5 முதல் 10 வரையான கால்களைக் கிரவுண்டிலும் கட்டுங்கள். இந்த ஆறில் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. குறிப்பாக 6ஆம் கால் டிராப், ஓடும் நிரலைக் குறுக்கிடும் சிக்னல். அதைத் தடுக்க எந்தக் கட்டளையும் கிடையாது. அந்தரத்தில் விட்டால் மனம்போன நேரத்தில் ஓட்டம் 044 (எட்டடிமானத்தில்) என்ற முகவரிக்குத் தாவும்.

36ஆம் கால் ரீசெட்: 5 வோல்ட்டிலிருந்து 10 கே, கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட். கெபாசிட்டருக்குக் குறுக்கே 100 ஓம் வழியாகப் பட்டன். 10 கேவுக்கு இணையாக டயோடு, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம்.

லாட்ச்: முகவரியும் டேட்டாவும் ஒரே கால்களில் மாறி மாறி வருவதால் முகவரியைத் தனியே பிடித்து வைக்க வேண்டும். 8085இன் 12 முதல் 19 வரையான கால்கள் 373இன் 3, 4, 7, 8, 13, 14, 17, 18க்குப் போகும். முகவரி வெளிவருவது 2, 5, 6, 9, 12, 15, 16, 19இல். அங்கிருந்து 6116இன் 8, 7, 6, 5, 4, 3, 2, 1க்கு, அதே வரிசையில். 373இன் 11ஆம் கால் 8085இன் 30க்கு, 1ஆம் கால் 38க்கு. 6116இன் 19, 22, 23 கிரவுண்டில். டேட்டா: 8085இன் 12 முதல் 19 வரை, 6116இன் 9, 10, 11, 13, 14, 15, 16, 17க்கு.

8085இன் 34ஐ 6116இன் 18க்கு இழுத்து, கிரவுண்டுக்கு ஒரு 10 கே போடுங்கள். 32ஐ 20க்கும், 31ஐ 21க்கும் இழுங்கள். 31இல் 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கே. 39இல் கிரவுண்டுக்கு 10 கே, அதிலிருந்து 'நிறுத்து' சுவிட்ச் வழியாக 5 வோல்ட்.

இந்தச் சுவிட்சைப் போட்டதும் 8085 கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு, எல்லா பஸ் கம்பிகளிலிருந்தும் கையை எடுத்துவிடும். 38ஆம் காலை உயர்த்தி, "இனி உன் பாடு" என்று சொல்லும். சுவிட்சும் எல்இடியும் உள்ள பேனல் அப்போது நினைவகத்தை நேராகத் தொடலாம்.

244 ஐசியின் வழிகள்: 2–18, 4–16, 6–14, 8–12, 11–9, 13–7, 15–5, 17–3. முதல் 244 எட்டு முகவரிச் சுவிட்சுகளை முகவரிக் கம்பிகளில் ஏற்றும். இரண்டாவது எட்டு டேட்டா சுவிட்சுகளை டேட்டா கம்பிகளில் ஏற்றும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் 5 வோல்ட்டுக்கு ஒரு 4.7 கே, சுவிட்சின் மறுமுனை கிரவுண்டில். கீழே தள்ளும்போது மூடுமாறு பொருத்துங்கள். மற்ற இரண்டு 244களும் எல்இடிக்கு. அவற்றின் 1, 19 கால்கள் கிரவுண்டில். ஒவ்வொரு எல்இடிக்கும் 220 ஓம். எல்இடிக்கு யூஎல்என்2803 என்ற டிரைவர் ஐசி போட்டால் ஐசி மிச்சமாகும் என்று தோன்றும். அதன் ஒவ்வொரு உள்முனையும் ஒரு மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 8085 தாங்குவது 0.4 மட்டும்தான். சுமை தாங்காமல் 1 என்பது 0 ஆகத் தெரியும்.

74எல்எஸ்03இன் நான்கு கேட்டும் பயன்படும். 8085இன் 38ஆம் கால், 03இன் 1, 2, 4க்கு வரும். 'எழுது' சுவிட்ச் (4.7 கே மேலே, மூடினால் கிரவுண்ட்) 5க்கு. 3ஆம் கால் முகவரி 244இன் 1, 19க்கு. 6ஆம் கால் டேட்டா 244இன் 1, 19க்கும், தன்னுடைய 9, 10க்கும். 8ஆம் கால் 12க்கும், ஒரு 10 கே வழியாக 8085இன் 32க்கும். 13ஆம் காலில் 'பதி' பட்டன்: பட்டனின் மறுமுனை 5 வோல்ட்டில், 13லிருந்து கிரவுண்டுக்கு 1 கே. 11ஆம் கால் 8085இன் 31க்கு. 3, 6, 8 மூன்றுக்கும் 5 வோல்ட்டுக்கு 2.2 கே.

அந்த 1 கேவுக்குப் பதிலாகக் கையில் இருந்த 10 கேவைப் போட்டால், எல்எஸ் ஐசியின் உள்ளிருந்து கசியும் மின்னோட்டமே காலைத் தூக்கிப் பிடிக்கும். பட்டனைத் தொடாமலே எழுதிக்கொண்டிருக்கும். 03 இடத்தில் 00 போட்டாலோ, அது 31ஆம் கம்பியை விடாமல் மேலே பிடித்துக்கொண்டு 8085ஓடு மல்லுக்கட்டும். கணக்கு நடக்கும், விடை மட்டும் நினைவகத்தில் ஏறாது. பட்டன் அதிர்வைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே இடத்தில் ஒரே எண்ணைப் பத்துத் தடவை எழுதினாலும் அது அதே எண்தான்.

பேனலையும் போர்டையும் பட்டைக் கேபிளால் இணையுங்கள். ஆல்டேரில் பேனல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் பற்றவைக்க வேண்டியிருந்தது. நான்கு நான்கு இடமாக வந்த பஸ் போர்டுகளை நூறு கம்பி போட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. கிட் வாங்கியவர்கள் அதிகம் தவறியது இங்கேதான்.

8085 இல்லாமலே முதல் சோதனை

எந்த ஐசியும் போடாமல் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு பேஸிலும் 5 வோல்ட் பாருங்கள். பிறகு 8085 தவிர மற்றதைப் போடுங்கள். வெறும் 40 கால் பேஸின் 38ஐ 1 கே வழியாக 5 வோல்ட்டில் கட்டுங்கள். 8085 கையை எடுத்துவிட்டது என்று பேனல் நம்பிவிடும். முகவரிச் சுவிட்சை அசைத்தால் முகவரி எல்இடி அசைய வேண்டும். 'எழுது' போட்டால் டேட்டா எல்இடியில் டேட்டா சுவிட்ச் தெரிய வேண்டும். 'பதி' அழுத்தி, 'எழுது'வை இறக்கினால் பதிந்த எண் நிற்க வேண்டும். இரண்டு முகவரிகளில் வேறு வேறு எண் வைத்து மாறி மாறிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் வந்தால் ஏதோ முகவரிக் கம்பி அறுந்திருக்கிறது. பேனல் சரியாகும்வரை 8085ஐத் தொடாதீர்கள்.

1975இன் கணக்கு

1 கேவைக் கழற்றி, கரண்ட்டை நிறுத்தி, 8085ஐப் போடுங்கள். 'நிறுத்து' மேலே இருக்கும்போதே கரண்ட் கொடுங்கள். ஆல்டேர் கையேடு கற்றுத்தந்த முதல் நிரல் இரண்டு எண்களைக் கூட்டுவது. எல்லாம் எட்டடிமான (0 முதல் 7 வரை மட்டும் வரும்) எண்கள். இடது எண் முகவரி, வலது எண் அங்கே பதிய வேண்டியது:

000 – 072
001 – 200
002 – 000
003 – 107
004 – 072
005 – 201
006 – 000
007 – 200
010 – 062
011 – 202
012 – 000
013 – 303
014 – 000
015 – 000

சுவிட்சுகளை வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். 072 என்றால் 00 111 010. பேனலில் மும்மூன்றுக்கு ஒரு கோடு வரைந்துவிட்டால் கை தவறாது. 200இல் 005, 201இல் 003 பதியுங்கள். 'எழுது'வை இறக்கி எல்லா முகவரியையும் ஒரு முறை சரிபாருங்கள். ரீசெட் அழுத்தி விட்டு, 'நிறுத்து'வை இறக்குங்கள்.

இப்போது முகவரி எல்இடிகளை உற்றுப் பாருங்கள். ஓட்டம் 000–015க்கும் 200–202க்கும் இடையில்தான் சுற்றுகிறது. அதனால் வலதிலுள்ள நான்கும், இடது ஓரத்தில் ஒன்றும் மட்டுமே மினுங்க வேண்டும். நடு மூன்றும் முழு இருட்டாக இருக்க வேண்டும். அவை எரிந்தால் நிரல் வழி தவறிவிட்டது என்று பொருள். திரும்ப 'நிறுத்து' போட்டு 202ஐப் பாருங்கள். 010 இருக்கும், அதாவது எட்டு. ஒரு சுற்றுக்கு 8085 எடுப்பது 57 கடிகாரத் துடிப்பு, 8080 எடுத்தது 58.

ஒன்றுமே அசையவில்லையா? 37ஆம் காலில் மீட்டர் வையுங்கள். இரண்டு வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் கிரிஸ்டல் ஓடுகிறது. 0 அல்லது 5 காட்டினால் ஓடவில்லை, பெரும்பாலும் கிரிஸ்டல் காலடியில் ஈரம் குடித்த ஃபிளக்ஸ். துடைத்துக் காயவிடுங்கள்.

ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு மீடியம் வேவ் ரேடியோ உண்டு. போர்டருகே வைத்தால் 'நிறுத்து' போடும்போதும் எடுக்கும்போதும் இரைச்சல் மாறும். 1975இல் ஸ்டீவ் டோம்பியர் என்பவர் இந்த இரைச்சலையே அளந்து, ஆல்டேரை ரேடியோவில் பாட்டு வாசிக்க வைத்தார். முத்தோரைப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் போர்டைத் தகரப் பெட்டிக்குள் வையுங்கள். அங்கே 1970 முதல் 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது.

பிறகு

எல்லாம் சரியானபின் பேஸ்களை டேப்பால் மூடி, போர்டின் அடியில் பிசிபி வார்னிஷ் அடியுங்கள். வைக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள். கேமராவுக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரியில் குண்டு பல்பு எரியவிடும் வீடுகளில் அந்த அலமாரியே போதும்.

நினைவகத்தைக் கூட்ட நினைத்தால் வேலை சின்னது. 6116இல் கிரவுண்டில் கட்டிய 23, 22, 19ஐ அவிழ்த்து, 8085இன் 21, 22, 23க்கு அதே வரிசையில் இழுத்து, ஒவ்வொன்றிலும் கிரவுண்டுக்கு ஒரு 10 கே போடுங்கள். பேனல் முதல் 256 பைட்டைத் தொடும், நிரல் 2048ஐயும் தொடும்.

மிட்ஸ் சறுக்கியது இந்த இடத்தில்தான். அவர்களுடைய 4 கே போர்டு டைனமிக் வகை. சேமித்ததை ஓயாமல் புதுப்பிக்க வேண்டும், அந்தச் சுற்று ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆனால் பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பேசிக் நிரல்மொழியைச் சலுகை விலையில் பெற அந்த போர்டையும் வாங்க வேண்டும். ஆட்கள் ஸ்டாடிக் ராம் போர்டை வேறு கம்பெனியிடம் வாங்கிக்கொண்டு, பேசிக் நாடாவை நண்பரிடம் நகலெடுத்தார்கள். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் கோபமாக எழுதிய திறந்த மடல் இதன் விளைவுதான். 1977இல் மிட்ஸ் பெர்டெக் கம்பெனியின் கைக்குப் போனது. ராபர்ட்ஸ் ஜார்ஜியாவுக்குப் போய், பிறகு மருத்துவம் படித்து, கோக்ரன் என்ற சிற்றூரில் டாக்டராக இருந்தார். 6116 ஸ்டாடிக் வகை, புதுப்பிக்கும் சுற்று எதுவும் வேண்டாம். கரண்ட் போனால் மட்டும் எல்லாம் அழிந்துவிடும், எனவே நிரலை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.